டம்ளரோடு போகாத சொல்

மூன்று பிளாஸ்டிக் டம்ளர்கள், ஒரு மனைக்கல்லின் மேல், உச்சி வெயிலில். மூன்றிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். அளப்பதற்கு மூடி கிடையாது, கோடு கிடையாது, கண்தான். பாட்டிலைச் சாய்த்து முதல் டம்ளரில் விட்டு, அடுத்ததற்கு நகர்ந்து, மூன்றாவதில் முடித்து, குனிந்து ஒரு கண்ணை மூடிப் பக்கவாட்டில் பார்ப்பேன். மூன்று மட்டமும் ஒரே கோட்டில் நிற்கும். அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சைச் சுற்றி இருப்பவர்கள் விடுவார்கள். "கையா இது, தராசுடா" என்பார் எங்கள் ஃபிட்டர். வாழ்நாளில் நான் ஒரு சொட்டு குடித்ததில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு ஏறிய போதை, குடித்த யாருக்கும் ஏறியிருக்காது என்று அடித்துச் சொல்வேன்.

குடிக்காதவனுக்குக் குடிக்கிற கூட்டத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள் அந்தப் பக்கம் போகாதவர்கள். குடிக்கிறவன் ஊற்றினால் தன் டம்ளருக்கு அரை விரல் கூடத்தான் விடுவான். அவன் விடாவிட்டாலும் விட்டான் என்று மற்றவன் சொல்வான். ஆகவே குடிக்காத ஒருத்தன் கிடைத்தால் அவனைப் பொன் போலப் பார்த்துக்கொள்வார்கள். ஊற்றுவது அவன், வண்டி ஓட்டுவது அவன், உளறலைக் கேட்டுக்கொண்டு தலையாட்டுவதும் அவன். அதற்குக் கூலியாகத் தொட்டுக்கொள்ள வைத்திருக்கும் பாதியை அவனே காலி செய்வான். ஆட்டுக்குடல் போட்டி வறுவல், மிளகு தூவிய அவித்த முட்டை, உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய்க் கீற்று என்று நான் தின்ற தீனிக்குக் கணக்கே இல்லை. "நாங்க குடிச்சு வயிறு எரியுது, இவன் குடிக்காம வயிறு ரொம்புது" என்று என்னை வாராத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை, பகல். அதையும் சொல்லிவிட வேண்டும். பட்டப்பகலில் குடிக்கிறவனைக் கண்டால் மற்ற ஊர்களில் மொடாக்குடியன் என்பார்கள். ஒரகடம் ரோட்டில் அவன் சி ஷிப்ட்காரன். சனிக்கிழமை ராத்திரி உள்ளே போனால் ஞாயிறு காலைதான் கம்பெனி பஸ் எங்களை வெளியே கொண்டுவந்து விடும். ஊர் முழுக்கப் பல் விளக்கும் நேரம் எங்களுக்கு வேலை முடிந்து கொண்டாட வேண்டிய நேரம். கடையோ பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். ரூமுக்குப் போய்க் குளித்து, இரண்டு மணி நேரம் கண்ணை மூடி, கடை ஷட்டர் ஏறும்போது சட்டையை மாட்டிக்கொண்டு நிற்போம். ஒரு வாரம் முழுக்க ராத்திரியில் மெஷினோடு மல்லுக்கட்டிய உடம்புக்கு அந்தப் பகல் ஒரு திருவிழா. நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது.

நாங்கள் நான்கு பேர். எங்கள் லைன் சூப்பர்வைசர், அவர்தான் தலை. மெயின்டனன்ஸ் ஃபிட்டர், ஐம்பதைத் தொட்டவர், மணிமங்கலத்துக்காரர். ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். நான் கான்ட்ராக்ட் ஆள். இடம் பிள்ளைப்பாக்கத்தில் சூப்பர்வைசருக்கு மிஞ்சியிருந்த ஒரு மனை. சுற்றிலும் லேஅவுட் போட்டு மஞ்சள் கல் நட்டிருந்தார்கள்; நடுவில் ஒரே ஒரு புங்கமரம். அதன் நிழலில் ஆளுக்கொரு கல். இன்று அங்கே மூன்று மாடியில் லாட்ஜ் நிற்கிறது. கீழே ஏசி பார். பையன்கள் போனில் ஆர்டர் செய்து, கண்ணாடிக் கிளாஸில், அளவு மூடியால் அளந்து ஊற்றிய சரக்கைக் குடிக்கிறார்கள். யாரும் யார் டம்ளரையும் எட்டிப் பார்ப்பதில்லை. சண்டை வர வழியே இல்லை, பாவம்.

எங்களுக்கு முறைகள் இருந்தன. டம்ளரைக் கையில் எடுத்ததும் விரலை நனைத்து மூன்று முறை மண்ணில் தெளிக்க வேண்டும். பூமிக்கு என்பார் ஃபிட்டர், செத்துப்போன சொந்தக்காரர்களுக்கு என்பார் ஃபோர்க்லிப்ட்காரர். முதல் வாயை எல்லோரும் சேர்ந்துதான் குடிக்க வேண்டும். குடித்ததும் மூஞ்சியைச் சுளித்து, விரலால் ஊறுகாய் தொட்டு நாக்கில் வைக்க வேண்டும். முதல் ரவுண்டில் டார்கெட், ஓ.டி., மேனேஜர் வாய்; இரண்டாவதில் வீடு, நிலம், பிள்ளைகள்; மூன்றாவது வந்தால் பாட்டோ அழுகையோ. மூன்றாவதை சூப்பர்வைசர் அனுமதிப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சட்டம் உண்டு. டம்ளரில் சொன்னது டம்ளரோடு. கையில் டம்ளர் இருக்கும்போது யார் என்ன சொன்னாலும், எதைக் கொடுத்தாலும், மறுநாள் அதைக் கேட்கக் கூடாது. ஒரு தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது ரவுண்டில், சூப்பர்வைசர் தன் புது பைக்கை "இனிமே இது உன்னுது, நீ ஊருக்கு எடுத்துகினு போ" என்று சாவியோடு ஃபோர்க்லிப்ட்காரரிடம் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை அந்த மனுஷன் வண்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து அவர் வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியைத் தொங்கவிட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஷிப்டுக்கு வந்தார். ஏன் கொண்டுவந்தாய் என்று இவரும் கேட்கவில்லை. சட்டம் அவ்வளவு கறார்.

அந்தச் சட்டத்தைப் போட்டவர் சூப்பர்வைசரேதான். காரணம் அவர் அப்பா. ஏரிப் பாசனத்தில் மூன்று ஏக்கர் வைத்திருந்தாராம். தொழிற்சாலைகள் வரத் தொடங்கிய காலத்தில் ஒரு புரோக்கர் பாட்டிலோடு வந்து உட்கார்ந்திருக்கிறான். இரண்டாவது டம்ளரில் "சரி, எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். காலையில் போதை தெளிந்தது, அம்மா அப்பா காலில் விழுந்து அழுதார், ஆனாலும் சொன்ன சொல் மாறமாட்டேன் என்று அப்பா பத்திர ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வந்தார். மிஞ்சியது நாங்கள் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மனை. அப்புறம் அவர் குடித்தே செத்தார். "எங்கப்பன் நல்லவன்டா, ஆனா டம்ளர்ல வாக்கு குடுத்துட்டான்" என்று சூப்பர்வைசர் சொல்லும்போது யாரும் மாங்காயைக் கடிக்க மாட்டோம்.

இனி என் கதைக்கு வருகிறேன். சூப்பர்வைசருக்கு ஒரு தங்கை. சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு மின்னணுக் கம்பெனியில் வேலை. பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஆரம்பித்து ஒரு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம். ஜாதி ஒன்றுதான், முறையும் சரிதான். நான் பர்மனென்ட் ஆனதும் கேட்கலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு ஞாயிறு காலை, சி ஷிப்ட் முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்குகிறேன், அவளிடமிருந்து போன். "காஞ்சிபுரத்துல இருந்து வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்க. மாப்பிள்ளைக்கு கவர்மென்ட் வேல. எங்கம்மா சரின்ற மாரி கீது. நீ இன்னிக்கே அண்ணன்கிட்ட கேக்கற." கேட்கிறேன் என்றேன். எங்கே வைத்துக் கேட்பேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

பகலில் மனைக்குப் போனால் சூப்பர்வைசர் இன்னும் வரவில்லை. மற்ற இருவரும் பொறுக்க மாட்டாமல் முதல் ரவுண்டை முடித்துவிட்டார்கள். அப்புறம்தான் வந்தார். வந்ததும், "வெள்ளிக்கெழம தங்கச்சிய பாக்க வர்றாங்கபா" என்று சொல்லிக்கொண்டே கல்லில் உட்கார்ந்தார். நான் பாட்டிலை எடுத்து ஊற்ற ஆரம்பித்தேன்.

இங்கே என் தொழில் நுணுக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்ற இருவரும் தண்ணீர் கலந்து குடிப்பவர்கள். சூப்பர்வைசருக்குக் கறுப்புக் கலர், அதுதான் கோலா சோடா, வேண்டும். சரக்கின் மேல் கலரை ஊற்றினால் பொங்கி வழிந்துவிடும். அதனால் அவர் டம்ளரில் மட்டும் முதலில் கலரை விட்டு, நுரை அடங்கியதும் சரக்கை ஓரமாக இறக்கி மட்டத்தைச் சரிசெய்வேன். நானே கண்டுபிடித்த முறை. அன்றும் இரண்டு டம்ளரில் சரக்கு, தண்ணீர், மூன்றாவதில் கலர். நுரை அடங்கக் காத்திருக்கும்போது வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அண்ணா, அந்த மாப்பிள்ள வேணாம்ணா."

"ஏம்ல? நல்ல எடம்லா, அரசாங்க வேலையாம்லா" என்றார் ஃபோர்க்லிப்ட்காரர்.

"எனக்குக் குடுங்கணா" என்றேன்.

முதலில் ஃபிட்டர்தான் சிரித்தார். "அண்ணான்றே, தங்கச்சிய குடுன்றே. மொதல்ல முறைய மாத்துடா டேய்!" சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. டம்ளரை எடுத்து, விரல் நனைத்து மூன்று முறை தெளித்து, ஒரு வாய் குடித்தார். நிறுத்தி என்னைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். மூஞ்சியைச் சுளித்து ஊறுகாய் தொட்டுக்கொண்டார்.

"அதுக்குத் தெரியுமா?"

"தெரியும்ணா. அது சொல்லித்தான் கேக்கறேன்."

"பர்மனென்ட் ஆவியா?"

"லிஸ்ட்ல பேர் போய்கீதுணா."

"குடிக்க மாட்ட?"

"ஊத்துறதோட சரிண்ணா."

டம்ளரைக் காலி செய்தார். பிறகு அதைக் கவிழ்த்துக் கல்லின் மேல் வைத்து, "குடுத்தேன் போ" என்றார். ஃபோர்க்லிப்ட்காரர் எழுந்து நின்று ஊளையிட்டார். ஃபிட்டர் என் தலையில் மாங்காய்க் கீற்றை அட்சதையாகப் போட்டார். நான் அழுதுவிட்டேன் என்று இருவரும் இன்றுவரை சொல்கிறார்கள். வெயில், வேர்வை என்று நான் மறுத்து வருகிறேன். சூப்பர்வைசர் அன்று அடுத்த ரவுண்டு வேண்டாம் என்றுவிட்டார். பாட்டிலில் வழக்கத்துக்கு மேல் மிச்சம் இருந்ததைப் பார்த்த ஃபோர்க்லிப்ட்காரர், "இன்னைக்கு எல்லாமே நல்லபடியா நடக்குல்லா" என்று அதையும் தன் டம்ளரில் கவிழ்த்துக்கொண்டார்.

மூவரையும் ஒவ்வொருவராக அவரவர் இடத்தில் இறக்கிவிட்டு பைக்கில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. டம்ளரில் சொன்னது டம்ளரோடு. ஒரு வருஷம் சுமந்த கேள்வியை, பதிலுக்கு மதிப்பே இல்லாத ஒரே இடத்தில் போய்க் கேட்டிருக்கிறேன். ஊமை கண்ட கனவாகிப் போனது என் நிலை. ஓரமாக வண்டியை நிறுத்தி அவளுக்கு போன் செய்தேன். அண்ணன் சரி என்று சொல்லிவிட்டதைச் சொன்னேன்.

"எங்க வெச்சு கேட்ட?"

"மனையில."

"டம்ளர் கையில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"போச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திங்கள் முதல் எங்களுக்கு ஏ ஷிப்ட், பகல் வேலை. சூப்பர்வைசர் சூப்பர்வைசராகவே வந்தார். டார்கெட் என்ன ஆயிற்று, ரிஜெக்ஷன் ஏன் கூடியது, இதைத் தவிர வேறு பேச்சில்லை. அவர் பக்கம் வந்தாலே நான் நட்டைத் தப்பான போல்ட்டில் மாட்டினேன். செவ்வாய்க்கிழமையும் ஒன்றுமில்லை. புதன்கிழமை அவள் போன் செய்தாள். "அண்ணன் ஒண்ணுமே சொல்லல. பஜ்ஜிக்கு ஒரு சீப்பு வாழக்காய் வாங்கினு வந்து வெச்சுகீது. அம்மா பொடவ எடுத்து குடுத்துட்டாங்க." குரல் உடைந்திருந்தது. அந்த ஒரு சீப்பு வாழைக்காய் ராத்திரி முழுக்க என் கண்முன் தொங்கியது.

வியாழக்கிழமை மதியம், கேன்டீன். நாங்கள் நால்வரும் ஒரே மேஜை. சட்டத்தை உடைக்கப் போகிறேன் என்று தெரிந்தே தட்டைத் தள்ளி வைத்தேன். "அண்ணா, ஞாயித்துக்கெழம ஒண்ணு சொன்னீங்களே, அது நெஜமாணா?"

ஃபிட்டர் கையிலிருந்த அப்பளம் அப்படியே நின்றது. ஃபோர்க்லிப்ட்காரர், "ஏலே, வேண்டாம்ல" என்று என் தொடையைக் கிள்ளினார். சூப்பர்வைசர் மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"டம்ளர்ல சொன்னத கேக்கக் கூடாதுனு தெரியாது உனக்கு?"

"தெரியும்ணா. நாளைக்கு அவங்க வந்து போய்ட்டா அப்புறம் கேட்டு இன்னாணா பிரயோஜனம்? நீங்க என்ன இந்தக் கூட்டத்துல இருந்து தள்ளி வெச்சாலும் சரி. பதில் சொல்லுங்க."

ஒரு கவளம் வாயில் போட்டு மென்று முடித்தார். "அன்னிக்கு என் டம்ளர்ல இன்னா ஊத்தின?"

"எப்பவும் ஊத்துறதுதாண்ணா."

"வெறுங் கலரு ஊத்தினடா பேமானி. நொரை அடங்கட்டும்னு வெச்ச, வாயத் தொறந்த, சரக்க வுடவே மறந்துட்ட. ஒரு டம்ளர் கலர ஊறுகா தொட்டுகினு குடிச்சவன் இந்த உலகத்துலயே நான் ஒருத்தன்தான்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, அவமானம். ஐந்து வருஷம் ஊற்றிய கை! முகம் காந்தியது. "அன்னைக்குப் பாட்டில்ல மிச்சம் கெடந்தது அதானால? நான் சாமி குடுத்ததுன்னுல்லா நெனச்சேன்!" என்று ஃபோர்க்லிப்ட்காரர் மேஜையைத் தட்டினார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேணா."

"நாலு பேரு எதிர்ல ஊத்துற கைய கொற சொல்லலாமா? அதுவும் பொண்ணு கேட்டுகினு கீற கைய?" சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்கப்பன் மாரி டம்ளர்ல நான் வாக்கு குடுக்க மாட்டேன். தெளிவா இருந்துதான் குடுத்தேன். காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு அன்னிக்கு சாயந்தரமே போன் பண்ணி எடம் முடிஞ்சுபோச்சுனு சொல்லிட்டேன். வூட்ல இன்னும் சொல்லல. நீ கேக்கறியானு நாலு நாளா பாத்துகினு கீறேன். தங்கச்சி வேணும்னா சட்டத்த ஒடைச்சு கேக்க மாட்டியா நீ?"

"கேக்காம வுட்டிருந்தா?"

"பஜ்ஜிய நாங்களே துன்னிருப்போம். நாளைக்கு உங்கம்மாவ கூட்டினு வா."

கேன்டீனிலிருந்து லைனுக்கு நான் நடந்து போகவில்லை, பறந்தேன். ஆனால் அதோடு முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து, ஊரிலிருந்து வரவழைத்த என் அம்மாவோடு பிள்ளைப்பாக்கத்தில் சூப்பர்வைசர் வீட்டுக்குப் போனேன். சூப்பர்வைசர் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். அவர் அம்மா சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை மாறிய விஷயத்தை அன்று காலையில்தான் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மகன் பக்கம் திரும்பினார்.

"இவங்களுக்கு எப்ப வாக்கு குடுத்த?"

"ஞாயித்துக்கெழம."

"எங்க வெச்சு?"

சூப்பர்வைசர் ஒருமுறை என் பக்கம் பார்த்தார். "மனையிலமா."

சமையலறையில் பஜ்ஜிக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. "டம்ளர் புடிச்சுகினு வாக்கு குடுத்து இந்த வூட்டுல இருந்த நெலத்த எல்லாம் குடுத்தாச்சு" என்றார் அந்த அம்மா. குரலை உயர்த்தவே இல்லை. "பொண்ணையும் அப்பிடி குடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்."

"யம்மா, உம் மேல சத்தியமா அன்னிக்கு நான் ஒரு சொட்டு குடிக்கலமா."

"உங்கப்பனும் இதேதான் சொல்லுவாரு. வாயில ஏலக்காய் போட்டுகினு."

என் அம்மா பக்கத்தில் நெளிந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ரூமில் தூங்குவதாகத்தான் அவருக்குத் தெரியும். பேசாமல் இருந்தால் பெண் போய்விடும். பேசினால் என் அம்மாவிடம் மாட்டிக்கொள்வேன், தராசுக் கை என்ற பேரும் போய்விடும். எழுந்து நின்றேன்.

"அவர் குடிக்கலமா. நான்தான் அங்க அஞ்சு வருசமா எல்லாருக்கும் ஊத்துறவன். நான் குடிக்க மாட்டேன், ஊத்துவேன். அன்னிக்கு அவர் டம்ளர்ல சரக்கு ஊத்த மறந்துட்டேன். வெறுங் கலருதான் குடிச்சாரு."

என் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

"அஞ்சு வருசமா ஊத்துற கை, அன்னிக்கு மட்டும் எப்பிடி மறந்துச்சு?" என்று கேட்டார் சூப்பர்வைசரின் அம்மா.

"உங்க பொண்ண கேக்கப் போறேனேன்ற பயத்துலமா. கை எங்கயோ போய்ட்டுது."

சமையலறையில் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். அந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்மா."

பாயில் நகர்ந்து, என் அம்மாவின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "சிரிச்சது போதும். பஜ்ஜிய எடுத்துகினு வெளிய வா. உன்ன பாக்கத்தான் வந்துகீறாங்க."